பத்தாயிரத்துக்குள்ள ஷாட்கன் மைக் வாங்கலாமா? கொடைக்கானல் காத்துலயும் மேகத்துலயும் ரெண்டு வருசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் தாண்டி வெள்ளகவிக்கு எறங்கி நடந்தவங்களுக்கு அந்தப் பாதை தெரியும், வேர புடிச்சு எறங்குற எடமெல்லாம் இருக்கு, கேமரா பேக்ல இருக்குற ஒவ்வொரு நூறு கிராமும் முட்டியில தெரியும். நான் போனப்ப ரோடு கெடையாது, அரிசி பருப்பெல்லாம் குதிரை மேல தான் வரும், ஊருக்குள்ள கால் வைக்கும்போது செருப்ப கழட்டிரணும். மூணு வருசம் முன்னாடி அங்க ஒரு தாத்தாவ வீடியோ எடுக்கப் போனேன். சின்ன வயசுல பெரியகுளத்துல இருந்து பொதிக்குதிரை ஓட்டிட்டு ராத்திரியில மலை ஏறுன கதைய முக்கா மணி நேரம் சொன்னாரு, எந்த வளைவுல யானை நிக்கும், எந்தப் பாறைக்கு அடியில மழைக்கு ஒதுங்குவாங்க, குதிரை மெரண்டா காதுகிட்ட என்ன சொல்லி அமத்துவாங்கன்னு ஒவ்வொண்ணா. நான் கண்ண எடுக்காம கேட்டுட்டு இருந்தேன். காதுல ஹெட்போன் மாட்டல.

ரெண்டு மணிக்கு மேல பள்ளத்துல இருந்து மேகம் ஏறி வந்துருச்சு. வீட்டுக்கு வந்து நாயுடுபுரத்துல சிஸ்டத்துல போட்டு பாத்தா முதல் கால் மணி நேரம் காத்து மைக்குல மோதுற சத்தம் தான், அதுக்கப்புறம் மேகம் வந்ததும் கடுகு பொரியற மாதிரி கரகரன்னு ஒரு சத்தம் ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் நிக்கல. தாத்தா குரல் பின்னாடி எங்கயோ கேக்குது. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப போய் கேட்டேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே தம்பி"ன்னு நாலு நிமிசத்துல முடிச்சுட்டாரு. அவர் மேல தப்பு இல்ல, ஒரு கதைய ஒரு தடவ தான் அப்படி சொல்ல முடியும். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அந்த மைக் பேர சொல்ல விரும்பல, ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு வாங்குனது, நீளமா ஷாட்கன் மாதிரியே இருக்கும். ஆனா இப்ப யோசிச்சா பாதி தப்பு மைக்கோடது, பாதி எனக்கு விசயம் தெரியாதது. அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், நான் கல்யாண வீடியோ, ஹோம்ஸ்டே வீடியோ எடுத்து பொழைக்கிறவன், மிச்ச நேரத்துல மலை கிராமத்து ஆளுங்கள பேச வச்சு ரெக்கார்ட் பண்றேன், என்ன மாதிரி கம்மி காசுல மைக் தேடுற ஆளுங்க மலையில நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு.

மொதல்ல ஷாட்கன் மைக் என்ன பண்ணும்னு ஒரு வார்த்தை. நெறைய பேர் நெனைக்கிறது, அது தூரத்துல இருக்குற சத்தத்த டெலிபோட்டோ லென்ஸ் மாதிரி இழுத்து பக்கத்துல கொண்டு வந்துரும்னு. கொண்டு வராது. அந்தக் குழாயில பக்கவாட்டுல கோடு கோடா ஓட்டை இருக்குல்ல, முன்னாடி இருந்து வர்ற சத்தம் குழாய் வழியா நேரா உள்ள போயிரும், பக்கத்துல இருந்து வர்ற சத்தம் ஒவ்வொரு ஓட்டை வழியாவும் வேற வேற நேரத்துல உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு மோதி அடங்கிரும். அவ்ளோ தான் வித்தை. முன்னாடி இருக்குறத பெருசாக்காது, பக்கத்துல இருக்குறத கொறைக்கும். அதுலயும் எல்லா சத்தத்தயும் கொறைக்காது. 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம், கால் மீட்டர் குழாய் அத ஒண்ணும் பண்ண முடியாது. 25 சென்டிமீட்டர் குழாய்னா சுமாரா 1400 ஹெர்ட்ஸுக்கு மேல தான் குழாயோட வேலையே ஆரம்பிக்கும், அதுக்கு கீழ எல்லாம் உள்ள இருக்குற கேப்சூல், அதாவது சத்தத்த வாங்குற துண்டு, எப்படியோ அப்படித் தான். அதனால தான் தூண் பாறை பக்கம் டூரிஸ்ட் வேன் இஞ்சின ஓட விட்டு நிக்கும்போது மைக்க எந்தப் பக்கம் திருப்புனாலும் அந்த உறுமல் வந்துருது, ஆனா பக்கத்துல சோளம் விக்கிறவர் கூப்புடுற சத்தம் நல்லாவே கொறையும்.

இது புரிஞ்சதுக்கு அப்புறம் தான் நான் கடைப் பக்கம் போனேன்.

வாங்குனது ரோடு (Rode)ங்குற கம்பெனியோட வீடியோமைக் கோ 2. நான் வாங்கும்போது பத்தாயிரத்துக்குள்ள வந்துச்சு, விலை அப்பப்ப மாறும், பாத்துக்கோங்க. எடை நூறு கிராம் கூட இல்ல, நீளம் ஒரு சாண் கூட வராது. பேட்டரி கெடையாது, கேமராவோட 3.5 எம்எம் மைக் ஜாக்ல இருந்து வர்ற சின்ன வோல்டேஜ்லயே ஓடிரும். எனக்கு இதுல பெரிய நிம்மதி இது தான், ஏன்னா கல்யாணத்துல முகூர்த்த நேரத்துல மைக் பேட்டரி போச்சுன்னா யார்கிட்டயும் போய் சொல்ல முடியாது, ஆன் பண்ண மறந்துட்டேன்ற பேச்சே இதுல இல்ல, கேமரா ஆன் ஆனா மைக்கும் ஆன். யூஎஸ்பி-சி போர்ட்டும் இருக்கு, லேப்டாப்ல நேரா குத்தி வாய்ஸ் ஓவர் பேசலாம், அப்ப அந்த 3.5 எம்எம் ஓட்டையே ஹெட்போன் ஓட்டையா மாறிரும். ஹோம்ஸ்டே வீடியோவுக்கெல்லாம் இந்த ஒரே மைக்குல ராத்திரி கம்பளிக்குள்ள உக்காந்து வாய்ஸ் ஓவர் முடிச்சிருக்கேன்.

குரல் எப்படி இருக்குன்னு கேட்டா, தெளிவா இருக்கு, கொஞ்சம் மேல் பக்கம் தூக்கலா இருக்கும், வயசான ஆம்பளைங்க அடித்தொண்டையில பேசுறப்ப அது உதவும், வார்த்தை புரியும். பொம்பளைங்க சத்தமா சிரிச்சா கொஞ்சம் கூராத் தெரியும், எடிட்ல லேசா கொறைச்சுக்குவேன். கல்யாண மேடையில நாதஸ்வரம் தவில் ரெண்டு மீட்டர்ல வாசிச்சப்ப மைக் திணறல, கேமராவோட லெவல் தான் சிவப்பு போச்சு, அத கொறைச்சதும் சரியாயிருச்சு.

கொறைன்னு சொல்லணும்னா மைக் மேல ஒரு சுவிட்ச் கூட கெடையாது. லோ கட் (காத்தோட உறுமல் மாதிரி அடி சத்தத்த வெட்டுறது) வேணும்னா கேமரா மெனுவுல இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா எடிட்ல பண்ணணும். சமவெளியில இது பெரிய விசயமா இல்லாம இருக்கலாம், ஆடி மாசம் வட்டக்கானல்ல நின்னா அந்த ஒரு சுவிட்சுக்கு மனசு ஏங்கும். இன்னொண்ணு, குழாய் சின்னது, அதனால நான் மேல சொன்ன அந்த பக்கத்து சத்தத்த அடக்குற வேலை நீள மைக் அளவுக்கு இதுல நடக்காது. பெட்டியில ஸ்பாஞ்ச் கவர் மட்டும் தான் வரும், காத்த தடுக்குற நீள முடி வச்ச கவர் தனியா வாங்கணும்.

அந்த முடி கவர் விசயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்த மலையில மைக்க விட அது தான் முக்கியம்னு நான் சொல்லுவேன். ஸ்பாஞ்ச் கவர் வீட்டுக்குள்ள ஃபேன் காத்துக்கும் வாயில இருந்து வர்ற மூச்சுக்கும் தான். கோக்கர்ஸ் வாக்ல சாயங்காலம் நாலு மணிக்கு கீழ இருந்து ஒரு காத்து ஏறி வரும், அதுக்கு முன்னாடி ஸ்பாஞ்ச் இருக்குறதும் ஒண்ணு தான் இல்லாததும் ஒண்ணு தான். கம்பெனி முடி கவர் விலைய பாத்துட்டு நான் மூஞ்சிக்கல்ல ஸ்வெட்டர் குல்லா விக்கிற அக்காகிட்ட போய் ஒண்ணு தச்சுத் தாங்கன்னு கேட்டேன். முதல்ல தச்சுக் குடுத்தது அடித்துணி கெட்டியான முடித்துணி, காத்து சத்தம் சுத்தமா நின்னுருச்சு ஆனா குரலும் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிருச்சு. அப்புறம் தான் புரிஞ்சுச்சு, முடி நீளமா இருக்கணும் ஆனா அடியில இருக்குற துணி வாயில வச்சு ஊதுனா மூச்சு அந்தப் பக்கம் போகணும், அப்படி வலை மாதிரி நெய்த துணியா இருக்கணும். அக்கா ரெண்டாவது தடவ அப்படி ஒரு துணி தேடி எடுத்து, ஸ்பாஞ்ச் மேல போட்டுக்குற மாதிரி தச்சுக் குடுத்தாங்க, நூத்தம்பது ரூபா தான் வாங்குனாங்க. ரெண்டு வருசமா அது தான் ஓடுது. இது முடியாதவங்க கம்பெனி கவரே வாங்கிருங்க, அதுக்கு காசு இல்லன்னா மைக் வாங்குறத ஒரு மாசம் தள்ளிப் போடுங்க, ரெண்டும் சேத்து தான் ஒரு மைக்.

ஆனா கவர் போட்டாலும் நிக்கிற எடம் முக்கியம். பூம்பாறையில பூண்டு வயல் படிக்கட்டு படிக்கட்டா எறங்கும், மேல் படியில நின்னு பேசுனா காத்து நேரா அடிக்கும், ரெண்டு படி கீழ எறங்கி கல்லுக்கட்டு மறைவுல உக்கார வச்சா அதே நேரத்துல பாதி காத்து கூட இருக்காது. ஃப்ரேம்ல பின்னாடி ஊரும் கோயிலும் தெரியணும்னு ஆசையில மேல் படியில நிக்க வச்சு நான் கெடுத்த ஷாட் நெறைய.

அடுத்தது மேகம். இத சமவெளி ஆளுங்க யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு அந்தக் கவலை இல்ல. நம்ம ஷாட்கன் மைக்கெல்லாம் கண்டென்சர் வகை, அதுக்குள்ள ரொம்ப மெல்லிசா ஒரு சவ்வும் அதுக்குப் பின்னாடி ஒரு தகடும் மின்சாரம் தேக்கி வச்சபடி இருக்கும், நடுவுல இருக்குற இடைவெளி முடி அளவு கூட இருக்காது. அதுல ஈரம் படிஞ்சா தேக்கி வச்ச மின்சாரம் கசிய ஆரம்பிச்சுரும், அந்தக் கசிவு தான் நான் கேட்ட கடுகு பொரியற சத்தம். இதுக்குன்னே வேற மாதிரி செஞ்ச மைக் இருக்கு, சென்ஹைசர் எம்கேஎச் 416, ரோடு என்டிஜி 3, ரெண்டும் உள்ள ரேடியோ அலைவரிசையில வேலை செய்யிற சர்க்யூட், அதனால ஈரத்துக்கு அவ்வளவா அசையாது, காட்டுல மழையில படம் எடுக்குறவங்க 416 வச்சிருக்குறதுக்கு ஒரு காரணம் இது. விலைய பாத்தா நம்ம கேமரா விலைய தாண்டும். அத எல்லாரும் வாங்க முடியாது, நானும் வாங்கல.

நம்மால முடிஞ்சது மைக்க ஈரத்துல இருந்து காப்பாத்துறது. நான் செய்யிறது இது: ஷூட் இல்லாத நேரத்துல மைக் ஜிப் கவருக்குள்ள சிலிகா ஜெல் பாக்கெட்டோட இருக்கும், அந்தப் பாக்கெட்ட மாசம் ஒரு தடவ மாத்திருவேன். வெளிய குளுர்ல இருந்துட்டு அடுப்பு எரியிற வீட்டுக்குள்ள போகும்போது மைக்க உடனே வெளிய எடுக்க மாட்டேன், மூக்குக் கண்ணாடி எப்படி சட்டுன்னு மூடிக்குது, அதே மாதிரி தான் மைக்குக்குள்ளயும் தண்ணி பூக்கும். மன்னவனூர்ல ஒரு வீட்டுல கம்பளி போத்தி உக்காந்திருந்த பெரியப்பா "சீக்கிரம் எடுப்பா, பால் கறக்கப் போகணும்"னு சொன்னாரு, நான் பேக்க அடுப்பங்கரை ஓரமா மூடி வச்சுட்டு அவர்கூட டீ குடிச்சு இருபது நிமிசம் பேசிட்டு தான் மைக்க எடுத்தேன். அந்த இருபது நிமிசம் மைக்கும் சூடாச்சு, அவருக்கும் கேமரா பயம் போச்சு. முடி கவர் நனைஞ்சா மைக் மேல இருந்து கழட்டி உதறி தனியா காய வைக்கணும், நனைஞ்ச கவரோட பெட்டிக்குள்ள போட்டுறாதீங்க. சில பேர் அரிசிக்குள்ள போட்டு வைக்கச் சொல்றாங்க, வேண்டாம், அந்த மாவுத் தூசி ஓட்டை வழியா உள்ள போகும்.

இந்த ரெண்டு வருசத்துல மேகத்துக்குள்ள வச்சு எடுத்தது எவ்வளவோ தடவ இருக்கும், நல்லா கனமா எறங்குனா பத்து பதினஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ கவர கழட்டி உதறிட்டு போட்டுக்குவேன், அதுக்கு மேல மழையா மாறிருச்சுன்னா நிறுத்திருவேன். இது வரைக்கும் கரகரப்பு வரல.

இப்ப நான் இந்த ரிவ்யூவுல ரொம்ப அழுத்தி சொல்ல நெனைக்கிற விசயம். மைக்க கேமரா மேல இருந்து எறக்குங்க. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் 6 டெசிபல் கொறையும், கேமரா மேல ரெண்டு மீட்டர்ல இருக்குற மைக்க பேசுறவர் வாயில இருந்து அரை மீட்டருக்கு கொண்டு வந்தா குரல் 12 டெசிபல் ஏறுது, காத்தும் அருவியும் வேன் இஞ்சினும் அப்படியே இருக்கும். எந்த மைக்க எவ்ளோ காசு குடுத்து மாத்துனாலும் கேமரா மேலயே வச்சுட்டு இந்த 12 டெசிபல் கெடைக்காது. என்கிட்ட இருக்குறது லைட் ஸ்டாண்ட் ஒண்ணு, பெயின்ட் அடிக்கிறவங்க ரோலர் மாட்டுற நீட்டிக் கொறைக்கிற கம்பு ஒண்ணு, அதுல மைக்க மாட்டி ஃப்ரேமுக்கு மேல இருந்து வாய்க்கு நேரா சாய்ச்சு வச்சுருவேன், மூணு மீட்டர் 3.5 எம்எம் எக்ஸ்டென்ஷன் கேபிள் கேமராவுக்கு வரும். கேபிள் கம்புல தட்டாம டேப் போட்டு கட்டணும், தட்டுனா அந்த டிக் டிக் சத்தம் எல்லாத்துலயும் வரும். கேபிள் இதுக்கு மேல நீளம் வேண்டாம், 3.5 எம்எம் கேபிள் நீளமா போனா வெளி இரைச்சல இழுக்கும், ரொம்ப தூரம் வேணும்னா கம்புலயே ஒரு சின்ன ரெக்கார்டர கட்டிட்டு கை தட்டி, அந்தச் சத்தத்த வச்சு எடிட்ல படத்தோட சிங்க் பண்ணிக்கலாம், ஜூம் எச்1என் மாதிரி குட்டி ரெக்கார்டர் மைக்குக்கு தேவையான கரன்ட்டும் குடுக்கும்.

போன வருசம் இந்தக் கம்ப தோள்ல போட்டுட்டு திரும்ப வெள்ளகவி போனேன். தாத்தா ரெண்டே வார்த்தையில நிறுத்திட்டாரு, ஆனா பக்கத்துல உக்காந்து எலுமிச்சம்பழம் பொறுக்கிட்டு இருந்த பாட்டி "அவுக சொன்னது பாதி தான், நாங்க எறங்குனத யாரு சொல்றது"ன்னு ஆரம்பிச்சாங்க, பொம்பளைங்க தலையில கூடை வச்சுட்டு இருட்டுல கும்பக்கரை பக்கம் எறங்குனது, வழியில பிரசவ வலி வந்த பொண்ண போர்வையில கட்டி தூக்கிட்டுப் போனது. நான் கம்ப மெதுவா அவங்க பக்கம் திருப்புனேன், அவ்ளோ தான் செஞ்சது. காதுல ஹெட்போன் இருந்துச்சு. 22 நிமிசம், ஒரு வார்த்தை போகல, பின்னாடி குதிரை கழுத்து மணி கூட அது இருக்க வேண்டிய தூரத்துல கேக்குது. அந்த ஃபைல மூணு எடத்துல காப்பி போட்டு வச்சிருக்கேன்.

கேமரா செட்டிங்ல ஒரே ஒரு விசயம் சொல்லிட்டு போறேன், ஆட்டோ லெவல ஆஃப் பண்ணிருங்க. பேசுறவர் மூச்சு விட நிறுத்துனா கேமரா உடனே சத்தம் பத்தலன்னு நெனச்சு ஏத்தும், அந்த எடைவெளியில அருவியும் பூச்சியும் மேல வந்து நிக்கும், திரும்ப பேசுனா எறங்கும். கேக்கவே நல்லா இருக்காது. கையால வச்சு, சத்தமா பேசுற எடம் லெவல் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொடுற மாதிரி விட்டுட்டா போதும்.

வீட்டுக்குள்ள ஷாட்கன் மைக் வேண்டாம்னு தான் சொல்லுவேன். டைல்ஸ் போட்ட ஹால், சிமென்ட் சுவர், தகரக் கூரை, இங்கெல்லாம் குரல் சுவத்துல பட்டு எல்லாப் பக்கமும் இருந்து திரும்ப வரும், அது பக்கவாட்டு ஓட்டை வழியா உள்ள போய் குரலோட கலந்து கிணத்துக்குள்ள பேசுற மாதிரி ஆக்கிரும். குழாய் இல்லாத சின்ன கார்டியாய்டு மைக்கோ (முன்பக்கம் அகலமா கேக்குறது) காலர் மைக்கோ அங்க நல்லா இருக்கும். வேற வழி இல்லன்னா கொடைக்கானல்ல எந்த வீட்டுலயும் கம்பளிக்கு பஞ்சம் இல்ல, நாலு கம்பளிய கேமராவுல தெரியாத பக்கம் தொங்க விட்டு, மைக்க இன்னும் கிட்ட கொண்டு போங்க. தகரக் கூரையில மழை பெய்ய ஆரம்பிச்சா மைக் ரிவ்யூ எதுவும் உதவாது, காத்திருக்கணும்.

இப்ப மத்த மைக்குங்க. மதுரையில இருக்குற நண்பர் ஒருத்தர் சென்ஹைசர் எம்கேஇ 600 வச்சிருக்காரு, ஒரு கல்யாணத்துக்கும் ஒரு வாரம் தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டத்துல எடுத்ததுக்கும் கடன் குடுத்தாரு. வித்தியாசம் இருக்கு, மறைக்கல. மைக் நீளம் 25 சென்டிமீட்டருக்கு மேல, பக்கத்து சத்தம் நல்லாவே அடங்குது, தோட்டத்துல பழம் பறிக்கிறவங்க சுத்தி பேசிட்டு இருக்கும்போதும் கங்காணி அண்ணன் குரல் தனியா நின்னுச்சு. மேல லோ கட் சுவிட்ச் இருக்கு, அத போட்டதும் காத்தோட அடி உறுமல் கொறையுது. ஒரு ஏஏ பேட்டரியிலயும் ஓடும், ரெக்கார்டர் மாதிரி கருவி கேபிள் வழியா குடுக்குற 48 வோல்ட், அதாவது ஃபேன்டம் பவர்லயும் ஓடும். பேட்டரி 150 மணி நேரம் வரும்னு கம்பெனி சொல்லுது, ஏஏ பேட்டரி பூம்பாறை பெட்டிக்கடையில கூட கெடைக்கும்ல, அது மலையில பெரிய வசதி. ஆனா விலை நான் பாத்தப்ப இருபதாயிரத்த தாண்டி இருந்துச்சு, அதுக்கு மேல முடி கவர் தனி, 3.5 எம்எம்க்கு மாத்துற கேபிள் தனி. கல்யாண வேலை மாசம் நாலஞ்சு வருது, கம்பு புடிக்க ஒரு பையன் கூட இருக்கான்னா இதுக்கு சேத்து வைக்கலாம். ரோடு என்டிஜி 2வும் இதே வகை தான், ஏஏ பேட்டரியும் உண்டு ஃபேன்டமும் உண்டு, 28 சென்டிமீட்டர் நீளம், அதனால கேமரா மேல வச்சா வைட் லென்ஸ்ல மைக் மூக்கு தெரியும், அது கம்புக்கான மைக். அமைதியான எடத்துல மெதுவா பேசுறவங்கள எடுக்க எம்கேஇ 600 கொஞ்சம் மேல, ஏன்னா மைக் தானா உண்டாக்குற சொந்த இரைச்சல் அதுல ஃபேன்டம்ல 15 டெசிபல், என்டிஜி 2வுக்கு 18. சோலைக்குள்ள விடியகாலையில சீகாரப் பூங்குருவி விசிலடிக்கிறத எடுத்தா இந்த மூணு டெசிபல் தெரியும், கல்யாண மண்டபத்துல தெரியாது.

இங்க ஒரு குழியில நெறைய பேர் விழுறாங்க. என்டிஜி 1ன்னு ஒண்ணு இருக்கு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா அதுல பேட்டரி போடுற எடமே கெடையாது, ஃபேன்டம் பவர் குடுத்தா தான் பேசும். ஆடியோ டெக்னிகா ஏடி875ஆர்உம் அப்படித் தான். நம்ம மாதிரி ஆளுங்க கேமராவுல 3.5 எம்எம் ஜாக் தான் இருக்கும், அதுல 48 வோல்ட் வராது, மைக்கோட மூணு பின் எக்ஸ்எல்ஆர் ஓட்டையில இருந்து 3.5 எம்எம்க்கு மாத்துற கேபிள் போட்டா வயர் மட்டும் தான் சேரும், கரன்ட் வராது. பண்ணைக்காட்டுல ஒரு தம்பி இப்படி ஃபேன்டம் மட்டும் உள்ள மைக்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு மைக் செத்துப்போச்சுன்னு கவலையா போன் பண்ணான், மைக் நல்லாத் தான் இருந்துச்சு, ஃபேன்டம் குடுக்குற ரெக்கார்டர்ல போட்டதும் பேசிருச்சு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க கேமராவுலயோ ரெக்கார்டர்லயோ என்ன ஓட்டை இருக்குன்னு பாத்துட்டு, அதுக்கு ஏத்த மைக்க தேடுங்க. போன்ல எடுக்குறவங்க இன்னொண்ணும் பாக்கணும், கேமரா கேபிள் நுனியில ரெண்டு கோடு இருக்கும், போன் ஹெட்செட் கேபிள்ல மூணு கோடு, ரெண்டும் ஒண்ணு இல்ல, மாத்திக் குத்துனா போன் தன்னோட மைக்குலயே எடுத்துட்டு இருக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது.

கையில மூவாயிரம் தான் இருக்குன்னா? டாக்ஸ்டார் எஸ்ஜிசி-598 நெறைய பேர் ஆரம்பிக்கிற மைக், ஒரு ஏஏ பேட்டரி, லோ கட் சுவிட்சும் 10 டெசிபல் ஏத்துற சுவிட்சும் இருக்கு. அந்த ஏத்துற சுவிட்ச போட்டு கேமராவுல லெவல கொறைச்சு வச்சா பழைய கேமராவோட இரைச்சல் அமுங்கும். போயா பிஒய்-எம்எம்1 இன்னும் சின்னது, அது ஷாட்கன் வடிவத்துல இருந்தாலும் உண்மையில கார்டியாய்டு தான், அது குத்தம் இல்ல, வீட்டுக்குள்ள எடுக்குறவங்களுக்கு அது நல்லது கூட, முடி கவரும் போன் கேபிளும் பெட்டியிலயே வந்துரும். இந்த ரெண்டுல எத வாங்குனாலும் மிச்சக் காசுல எக்ஸ்டென்ஷன் கேபிளும் ஒரு கம்பும் வாங்கி வாய்க்கு கிட்ட கொண்டு போனீங்கன்னா, இருபதாயிரம் ரூபா மைக்க கேமரா மேல வச்சு எடுக்குறவர விட நல்ல குரல் எடுப்பீங்க. இத நான் ஒரே நாள்ல ரெண்டையும் வச்சு எடுத்து கேட்டுட்டு தான் சொல்றேன்.

வாங்குற எடத்துல மட்டும் ஜாக்கிரதை. பேர் போன மைக்குக்கெல்லாம் டூப்ளிகேட் வருது, பெட்டி கூட அப்படியே இருக்கும். எனக்கு ஒரு ஆன்லைன் விற்பனையாளர் யாரோ யூஸ் பண்ணி திருப்பி அனுப்புனத புதுசுன்னு அனுப்பி, ஸ்பாஞ்ச்ல மஞ்சக் கறையோட வந்துச்சு, மாத்தி வாங்குறதுக்குள்ள மூணு வாரம் போச்சு, கொரியர் மலைக்கு வர்றதே ரெண்டு நாள் கூட ஆகும் இல்லையா. அதனால விலை முன்னூறு நானூறு கூட இருந்தாலும் ஜிஎஸ்டி பில்லோட டீலர்கிட்ட வாங்குங்க, சீரியல் நம்பர கம்பெனி சைட்ல போட்டு வாரன்டிய அன்னைக்கே பதிஞ்சுருங்க, பெட்டிய பிரிக்கிறத போன்ல வீடியோ எடுத்துருங்க. பிரிச்சதும் வீட்டுக்குள்ள மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு விட்டுறாம, திருப்பி அனுப்ப நாள் இருக்கும்போதே ஒரு விடியகாலையில ஏரிப் பக்கமோ மொட்டை மாடியிலயோ மேகம் எறங்குற நேரத்துல அரை மணி நேரம் ஓட விட்டு, ஹெட்போன்ல கேட்டுப் பாத்துருங்க.